கார்ட்லெஸ் டிரில் வைத்து டிரெய்லர் ஜாக்கி இறக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

என் டிரெய்லரின் ஜாக்கி ஒன்று மடங்கிய நிலையிலிருந்து தரையைத் தொட 34 சுற்று கேட்கும். நான்கு மூலைக்கும் சேர்த்தால் 136. ஊர் திரும்பும்போது அதே 136 மறுபடியும். மண்டியிட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் அந்த வளைந்த ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். பாதிச் சுற்றில் அது பம்பரில் இடிக்கும், கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். முதல் தடவை ஒகேனக்கல் போனபோது, பிள்ளைகள் பரிசல் ஏறி, அருவியைப் பார்த்து, வறுத்த மீன் தின்று திரும்பி வந்தார்கள். நான் மூன்றாவது ஜாக்கியில் இருந்தேன். அடுத்த வாரமே கார்ட்லெஸ் டிரில் வாங்கிவிட்டேன்.

வாங்கிய டிரில்லை வைத்துச் செய்த முதல் வேலையிலேயே மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. டிரெய்லர் கதவும் சட்டத்தில் சிக்கித் திறக்க மறுத்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஹேண்டிலால் சுற்றும்போது, ஜாக்கி சும்மா இறங்குகிறதா, தரையைத் தொட்டுவிட்டதா, வண்டியின் பாரம் ஏற ஆரம்பித்துவிட்டதா என்று உள்ளங்கைக்கே தெரிந்துவிடும். டிரில் அந்தச் சேதியைக் கைக்குச் சொல்லாது. சொல்லும்போது உதைத்துத்தான் சொல்லும். அதனால் நான் இப்போது வேலையை இப்படிப் பிரித்து வைத்திருக்கிறேன்: வெறுமனே இறங்குவதும் ஏறுவதும் டிரில்லுக்கு, இறுக்குவது கைக்கு. கீழே வரும் எல்லாமே அந்தப் பிரிவினையைச் சரியாகச் செய்வது எப்படி என்பதுதான்.

என்னுடையது 14 அடி, ஒற்றை அச்சு டிரெய்லர். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பில் காய் இறக்கும் மாதங்களில் அதில்தான் தங்கல். மற்ற நாட்களில் குடும்பத்தோடு சுற்றல். என் மச்சான் நெடுஞ்சாலை ஓரத்தில் மாலை நேர டிபன் கடை டிரெய்லர் வைத்திருக்கிறான். அவன் தினமும் ஜாக்கி இறக்கி ஏற்றுகிறவன். நான் எழுதுவதில் பாதி அவனுடைய அனுபவம்.

ஜாக்கி எதற்கு, எதற்கு இல்லை

மூலைகளில் இருப்பவை ஸ்டெபிலைசர் ஜாக்கிகள். எங்கள் வீட்டில் ‘கால்’ என்றுதான் சொல்வோம். உள்ளே ஒருவர் நடந்தால் டிரெய்லர் தொட்டில் மாதிரி ஆடாமல் இருக்க முட்டுக் கொடுப்பது மட்டுமே இவற்றின் வேலை. வண்டியைத் தூக்குவதற்கோ, சாய்வை நிமிர்த்துவதற்கோ, டயர் மாற்றுவதற்கோ இவை இல்லை. எடை முழுவதும் எப்போதும் டயரிலும், கொக்கிப் பக்கத்தைத் தாங்கும் தனி ஜாக்கியான முன்பக்க ஜாக்கியிலும்தான் இருக்க வேண்டும்.

‘இந்த ஜாக்கி 5000 பவுண்டு தாங்கும், அதாவது 2,200 கிலோவுக்கு மேல், தூக்கினால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஜாக்கி தாங்கலாம். ஆனால் அது மூலையில் இருக்கிறது. ஒரு மூலையை மட்டும் தூக்கினால் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய சேஸிஸின் மேல் இருக்கும் கதவுச் சட்டம் சதுரமாக இருக்காது. என் கதவு சிக்கியது அப்படித்தான். ஜன்னல் கண்ணாடி விரிசல் விடுவதும், கூரை மூட்டில் பூசிய சீலன்ட் பிரிந்து மழைத் தண்ணீர் இறங்குவதும் அதே வழிதான். ஹேண்டிலால் அந்த அளவுக்குத் தூக்கக் கை வலிக்கும், நாமே விட்டுவிடுவோம். டிரில்லுக்கு வலிக்காது.

கத்தரி மாதிரி மடங்கி விரியும் சிசர் ஜாக்கியில் இன்னொரு சங்கதி. நன்றாக மடங்கித் தாழ்வாக இருக்கும்போது ஒரு சுற்றுக்கு அதிகமாக நகரும், பாரம் இருந்தால் அதிகப் பலமும் கேட்கும். நிமிர நிமிர ஒரு சுற்றுக்கு நகர்வது குறையும், பலமும் குறைவாகப் போதும். அதற்காக முழுசாக நிமிர்த்தவும் கூடாது. உயர்ந்த கால் பக்கவாட்டில் ஆடும். பாதி விரிந்த நிலையில் அது தரையைத் தொடும்படி அடியில் பலகை போட்டுக்கொண்டால் டிரில்லுக்கும் சுகம், வண்டிக்கும் சுகம்.

எந்த டிரில், எந்த சாக்கெட்

18 வோல்ட் டிரில் போதும். கடையில் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து அது பெரியது என்று நினைக்க வேண்டாம். இரண்டிலும் உள்ளே ஐந்து லித்தியம் செல்கள் வரிசையாகத்தான் இருக்கின்றன. ஒன்று சராசரி வோல்ட்டை எழுதுகிறது, மற்றது முழு சார்ஜில் இருக்கும் வோல்ட்டை எழுதுகிறது. பாஷ், மகிட்டா, டிவால்ட் எதுவானாலும் சரி, உங்கள் வீட்டில் ஏற்கெனவே எந்த பேட்டரி இருக்கிறதோ அதே கம்பெனியில் வாங்குங்கள். 12 வோல்ட் குட்டி டிரில் காலை வெறுமனே இறக்கிவிடும். ஆனால் செம்மண் ஏறிய மரையில் திணறும்.

பார்க்க வேண்டியவை: இரண்டு கியர் இருக்க வேண்டும், 13 மில்லிமீட்டர் சக், அதாவது பிட்டைக் கவ்வும் வாய், இருக்க வேண்டும், பக்கவாட்டுக் கைப்பிடி மாட்ட இடம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சக்குக்குப் பின்னால் எண்கள் எழுதிய கிளட்ச் வளையம் வேண்டும். வைத்த எண்ணுக்கு மேல் முறுக்கு வந்தால் சுற்றாமல் நழுவ வைப்பது அதுதான். இந்த வேலையில் நமக்குப் பெரிய துணை அந்த வளையம்தான், பிறகு வருகிறேன்.

இம்பாக்ட் டிரைவர் வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டே செய்கிறார்கள். மணிக்கட்டை அது அவ்வளவு முறுக்காது, உண்மைதான். ஆனால் தடதடவென்று அடித்து அடித்துத்தான் சுற்றும். பாரம் ஏறியதா இல்லையா என்று அந்தச் சத்தத்தில் ஒன்றும் விளங்காது, பெரும்பாலானவற்றில் எண் வைத்த கிளட்ச்சும் கிடையாது. ராத்திரி 11 மணிக்குக் கடை கட்டும் இடத்தில் அந்தச் சத்தத்துக்கு அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று மச்சானைக் கேளுங்கள். இந்த வேலைக்கு நான் சாதாரண டிரில்லையே எடுப்பேன்.

சாக்கெட் விஷயத்தில் நம் ஊரில் கவலையே இல்லை. இந்த ஜாக்கிகளில் ஹேண்டில் மாட்டிச் சுற்றும் தலை பெரும்பாலும் முக்கால் இஞ்சு அறுகோணம், அதாவது 19.05 மில்லிமீட்டர். எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும் 19 சாக்கெட் அதில் உட்கார்ந்துவிடும். பெயின்ட் தடிமனாக இருந்தால் முதல் தடவை லேசாகத் தட்டி ஏற்ற வேண்டியிருக்கும். ஆறு பட்டை சாக்கெட்டாக வாங்குங்கள். பன்னிரண்டு பட்டை சாக்கெட் தேய்ந்த தலையில் வழுக்கி முனைகளை உருட்டிவிடும். ஆழமான வகை, கடையில் டீப் சாக்கெட் என்று கேட்டால் தருவார்கள், அது எளிதில் நழுவாது.

சிலருடைய ஜாக்கி கார் ஜாக்கி மாதிரி, தலையில் கொக்கி மாட்டும் ஓட்டையோடு இருக்கும். அதற்கு டிரில்லில் கம்பியை வளைத்து மாட்டும் வித்தையைச் செய்ய வேண்டாம், அது கழன்று சுழலும்போது முழங்காலில்தான் அடிக்கும். ஓட்டையை விட்டுவிட்டு, லேத் பட்டறையில் கொடுத்து 12 மில்லிமீட்டர் போல்ட்டின் தலையை நேராக வெல்டிங் வைத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் அந்த போல்ட் பெரும்பாலும் 19 தலைதான், இருந்தாலும் சாக்கெட்டைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். வெல்டிங் கோணலாக இருந்தால் டிரில் கையில் கோலாட்டம் ஆடும், அதனால் வாங்கும்போதே சுற்றிப் பாருங்கள். எனக்கு முதலில் வைத்துக் கொடுத்த பட்டறையில் கோணலாகத்தான் வைத்தார்கள், வேறு இடத்தில் அறுத்துத் திரும்ப வைக்க வேண்டியதாயிற்று.

சாக்கெட்டை டிரில்லோடு இணைக்கும் அடாப்டர்தான் பலவீனமான இடம். ஒரு முனை கால் இஞ்சு அறுகோணம், மறு முனை அரை இஞ்சு சதுரம். அந்தக் கால் இஞ்சுக் கழுத்தில்தான் முறுக்கு முழுவதும் போகும். மட்டமான இரும்பு அங்கேயே முறுக்கிக்கொண்டு முறியும். இம்பாக்ட் டிரைவருக்கென்று விற்கிற கருப்பு நிற வகையை வாங்கி, கூடுதலாக ஒன்றைப் பெட்டியில் போட்டு வைப்பது நல்லது. ஜாக்கியின் தலை உள்ளே தள்ளி இருந்தால் 10 இஞ்சு எக்ஸ்டென்ஷன் ஒன்று போதும். இரண்டை இணைத்து நீட்டினால் ஆடும்.

அப்புறம் ஒரு 19 ராட்செட் அல்லது ‘டி’ ஸ்பேனர், ரசமட்டம், நான்கு பலகை, சக்கரத்துக்கு அடைக்கட்டை. பட்டியல் அவ்வளவுதான்.

டிரில்லை எடுக்கும் முன்

இழுத்து வந்த வண்டியிலிருந்து டிரெய்லரைக் கழற்றுவதற்கு முன்பே இட வலச் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். உள்ளே தரையில் ரசமட்டத்தைக் குறுக்காக வையுங்கள். எந்தப் பக்கம் தாழ்வோ அந்தப் பக்கச் சக்கரத்தின் முன் பலகை போட்டு, வண்டியை ஏற்றுங்கள். குமிழ் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, சக்கரத்தின் இரண்டு பக்கமும் அடைக்கட்டை வையுங்கள். கையில் கிடைத்த உருண்டைக் கல்லை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம், உருண்டைக் கல் டயரோடு சேர்ந்து உருளும்.

இப்போது கழற்றலாம். முன்பக்க ஜாக்கியை ஏற்றி இறக்கி, முன் பின் சாய்வைச் சரிசெய்யுங்கள். இதுவரை நான்கு மூலைக் கால்களும் மடங்கியே இருக்க வேண்டும். கால்களை முதலில் இறக்கிவிட்டு அப்புறம் முன்பக்கத்தை ஏற்றினால், பின் கால்கள் இரண்டும் நெம்புகோலின் முட்டாக மாறி வளையும். இந்தத் தப்பைச் செய்யாத டிரெய்லர்க்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடியில் என்ன வைப்பது

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இந்தக் கேள்விக்குச் சுலபமாக ஒரு தப்பான பதில் கிடைக்கும்: கிரானைட். பர்கூர் பக்கம் பட்டறை வாசல்களில் அறுத்து ஒதுக்கிய துண்டுகள் கிடக்கும். வழவழவென்று, சதுரமாக, தூக்கிக்கொள்ளும் எடையில், ஜாக்கிக்கென்றே செய்த மாதிரி இருக்கும். நானும் நான்கு துண்டு எடுத்து வந்தேன். முக்கால் இஞ்சு தடிமன்.

கல் அமுக்கத்தை எவ்வளவும் தாங்கும், வளைவைத் தாங்காது. கீழே மண் சமமாக இருந்தால் ஒன்றும் ஆகாது. மண்ணில் நடுவில் ஒரு சிறு மேடு, அல்லது ஓரத்தில் ஒரு சரளைக் கல் இருந்தால் போதும். தோப்பில் ராத்திரி இரண்டு மணிக்குப் படாரென்று சத்தம். பாம்பு அடிக்கும் தடியோடு வெளியே வந்து பார்த்தால், பின் இடது காலின் அடியில் கல் இரண்டாகக் கிடந்தது. கால் அரை இஞ்சு இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. இரும்பு அடியும் பாலிஷ் கல்லும் சேர்ந்தால் வழுக்கலும் உண்டு.

மரப் பலகைதான் சரி. ஒரு அடி சதுரம், இரண்டு இஞ்சு தடிமன், வேம்போ புளியோ. தென்னம்பலகை நார் வாக்கில் பிளக்கும். அதுதான் இருக்கிறது என்றால் இரண்டை ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக வையுங்கள். தோப்பில் வெட்டிப் போட்ட மாங்கட்டையை அறுத்தும் செய்யலாம், ஆனால் மண்ணிலேயே கிடக்க விட்டால் பூச்சி அரித்துவிடும், வேலை முடிந்ததும் எடுத்து உலர்த்தி வையுங்கள்.

கோடை மழை பெய்த மறுநாள் செம்மண் மேலே காய்ந்து தெரியும், உள்ளே களி மாதிரி இருக்கும். அப்போது பலகையைப் பெரிதாகப் போட்டு, மறுநாள் காலை ஒரு தடவை எல்லாக் கால்களையும் ராட்செட்டால் தொட்டுப் பாருங்கள். ஆற்று மணலிலும் அப்படித்தான்.

இறக்குவது

டிரில்லில் மூன்று அடையாளம் இருக்கும்: திருகாணிப் படம், துளைப் படம், சுத்தியல் படம். திருகாணிக்குத் திருப்புங்கள். துளைப் படத்தில் வைத்தால் கிளட்ச் வேலை செய்யாது. என் மணிக்கட்டு போனது அங்கேதான். கியர் 1. கியர் 2 துளை போடுவதற்கு, இதற்கு வேண்டாம்.

முதல் தடவை டிரில் வேண்டவே வேண்டாம், ஹேண்டிலால் இரண்டு சுற்று சுற்றி எந்தத் திசையில் இறங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலான சிசர் ஜாக்கிகள் கடிகாரத் திசையில் சுற்றினால் விரியும். பார்த்ததை மார்க்கரால் ஜாக்கியின் பக்கத்தில் அம்புக்குறி போட்டு வையுங்கள், இருட்டில் உதவும்.

இப்போது கிளட்ச். வளையத்தை 3 அல்லது 4இல் வைத்து ட்ரிகரை மெதுவாக அழுத்துங்கள். டக டக டக என்று கிளட்ச் நழுவி, கால் நகராமல் நின்றால் ஒரு எண் கூட்டுங்கள். இப்படி ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனால், கால் தடையில்லாமல் ஓடும் ஒரு எண் வரும். அதோடு ஒன்று மட்டும் கூட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். என்னுடையதில் அது 8. உங்களுடையதில் வேறாக இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி எண்ணின் பொருள் மாறும். இந்த எண்ணில் கால் காற்றில் இறங்கும்வரை டிரில் சீராக ஓடும். பலகையைத் தொட்ட அந்தக் கணமே கிளட்ச் டக டகவென்று நழுவி நின்றுவிடும். கைக்குத் தெரியாமல் போன சேதி காதுக்கு வந்துவிட்டது. வண்டி ஒரு மில்லிமீட்டர்கூட ஏறியிருக்காது.

பிடிக்கும் விதம். சாக்கெட் ஜாக்கித் தலையில் முழுசாக உட்கார்ந்ததா என்று ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். டிரில்லும் திருகும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், இதற்குப் பெரும்பாலும் முழங்காலிட வேண்டும், குனிந்து நின்றுகொண்டு சாய்வாகப் பிடித்தால் சாக்கெட் நழுவும். ஒரு கை கைப்பிடியில், மறு கை பக்கவாட்டுக் கைப்பிடியில். கடிகாரத் திசையில் சுற்றும்போது திடீரென்று தடை வந்தால் டிரில்லின் கைப்பிடி வலப்பக்கம் உதறும். எதிர்த் திசையில் சுற்றும்போது இடப்பக்கம். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் முழங்காலோ சேஸிஸோ இல்லாதபடி உட்காருங்கள்.

உதறல் என்றால் எவ்வளவு? 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு உள்ள டிரில் கிளட்ச் இல்லாமல் சட்டென்று நின்றால், மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் உங்கள் கையில் ஏறக்குறைய 30 கிலோ எடை தள்ளும். ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு போனில் பேசுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

லுங்கி, வேட்டி, துப்பட்டா, நீளமான துண்டு எதுவும் சாக்கெட்டின் பக்கத்தில் தொங்கக் கூடாது. மச்சானின் கடையில் இடுப்பில் கட்டிய ஏப்ரன் கயிறு சாக்கெட்டில் சுற்றிக்கொண்டது. கிளட்ச் குறைந்த எண்ணில் இருந்ததால் அதுவாகவே நின்றது.

இப்படி நான்கு கால்களையும் தொடும் வரை மட்டும் இறக்குங்கள். பின் வலது, முன் இடது, பின் இடது, முன் வலது என்று குறுக்காகப் போங்கள். தொட்டதோடு சரி, டிரில்லைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். உண்மையாகவே வையுங்கள். பக்கத்தில் இருந்தால், ‘இன்னும் கொஞ்சம்’ என்று கை போகும்.

இனி ராட்செட். அதே குறுக்கு வரிசையில் ஒவ்வொரு காலுக்கும் கால் சுற்று. திரும்ப ஒரு வலம், இன்னொரு கால் சுற்று. மொத்தம் அரைச் சுற்று, அவ்வளவுதான். ஒரு கையால், தோளைச் சாய்க்காமல், முழங்கை வரையிலான பலத்தில் எவ்வளவு இறுகுமோ அது போதும். உள்ளே ஒருவரை நடக்கச் சொல்லுங்கள். எந்த மூலை ஆடுகிறதோ அந்த மூலைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம்.

இறுக்கம் அதிகமாகிவிட்டதா என்று கண்டுபிடிக்க மூன்று இடத்தைப் பாருங்கள். ரசமட்டக் குமிழ் இறக்குவதற்கு முன் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நகர்ந்திருந்தால் நீங்கள் முட்டுக் கொடுக்கவில்லை, தூக்கியிருக்கிறீர்கள். டயரின் அடி வயிறு பாரத்தில் பிதுங்கியபடியே இருக்க வேண்டும். கதவு உரசாமல் மூட வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் நான்கு கால்களையும் தளர்த்திவிட்டுத் தொடும் நிலையிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். ஒரு காலை மட்டும் தளர்த்திச் சரிக்கட்டப் பார்த்தால் எந்தக் கால் எந்தப் பாரத்தில் நிற்கிறது என்று தெரியாது.

முதலில் இதையெல்லாம் மச்சானுக்குச் சொல்லிக் கொடுத்தபோது, “மாமா, டிரில்லே டைட் பண்ணிடுமே, எதுக்குக் கையில?” என்றான்.

“பண்ணும் மாப்ளே. எவ்வளவு பண்ணுச்சுன்னு உனக்குத் தெரியாது” என்றேன்.

அவன் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துத் தோசைக்கல்லில் ஊற்றிய மாவு ஒரு பக்கமாக ஓடியதாம். கல்லின் பர்னரைக் கழற்றிப் பார்த்து, சிலிண்டரை மாற்றிப் பார்த்து, கடைசியில் ரசமட்டம் வைத்துப் பார்த்திருக்கிறான். ஒரு மூலையைத் தூக்கி வைத்திருக்கிறான். இப்போது தோசை மாவுதான் அவனுக்கு ரசமட்டம்.

ஏற்றுவது

திரும்பும்போது முதலில் ராட்செட். பாரத்தில் இருக்கும் காலை டிரில்லால் தளர்த்தினால் ஆரம்ப உதறல் கையில்தான் விழும். ஒவ்வொரு காலையும் குறுக்கு வரிசையில் கையால் அரைச் சுற்று, தேவைப்பட்டால் முக்கால் சுற்று தளர்த்துங்கள். காலின் அடி பலகையை விட்டதும் டிரில்லை எதிர்த் திசைக்கு மாற்றி ஏற்றுங்கள். சக் முழுவதும் நின்ற பிறகே திசை மாற்றும் பொத்தானைத் தொடுங்கள், ஓடும்போது தொட்டால் கியர் பல் போய்விடும்.

முழு வேகத்தில் கடைசி வரை மடக்க வேண்டாம். இரண்டு விரல் இடைவெளி இருக்கும்போது ட்ரிகரை விட்டு, மிச்சத்தைக் கையால் மடக்குங்கள். இரும்பும் இரும்பும் மோதி இறுகிவிட்டால் அடுத்த தடவை திறக்க ஒரு முழ நீளக் குழாய் தேடுவீர்கள். அதற்காகத் தொளதொளவென்றும் விடக் கூடாது, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அதிர்ந்து அதிர்ந்து தானே இறங்கும். கையால் மடக்கி லேசாக இறுக்கினால் சரி.

நான்கு கால்களும் ஏறிய பிறகுதான் முன்பக்க ஜாக்கியைத் தொட வேண்டும். அதைச் சுற்றி டிரெய்லரின் முன்பக்கத்தை உயர்த்தி, இழுக்கும் வண்டியில் கொக்கி மாட்டி, பூட்டி, சங்கிலி போட்ட பிறகே சக்கரத்தின் அடைக்கட்டையை எடுக்க வேண்டும். இந்த வரிசையில் ஒன்றை முன்னே பின்னே செய்தால் டிரெய்லர் தனியாகக் கிளம்பிவிடும்.

முன்பக்க ஜாக்கியையும் டிரில்லால் சுற்றலாமா என்று கேட்பார்கள். அதன் தலை டிரில்லுக்கென்று செய்யப்பட்டிருந்தால் சுற்றலாம். அங்கே உண்மையான பாரம் இருக்கிறது, அதனால் நான் கையாலேயே செய்கிறேன்.

மரையும் புழுதியும்

நம் பக்கத்துப் புழுதியில் செம்மண் பாதி, கல் உடைக்கும் தூசி பாதி. கிரானைட் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் இரும்பைவிடக் கடினம். ஜாக்கியின் மரையில் கெட்டி கிரீஸை அப்பி வைத்தால் அந்தத் தூசி வந்து ஒட்டிக்கொண்டு அரைக்கும் பசையாகிவிடும். ஒரே வருடத்தில் மரை கத்தி மாதிரி தேய்ந்துவிடும். நான் மாதம் ஒரு தடவை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, காய்ந்தபின் ஒட்டாத சிலிகான் ஸ்பிரே அடிக்கிறேன். மூட்டு ஆணிகளுக்கும் ஒரு சொட்டு.

சுத்தம் செய்ய வேண்டிய நேரத்தை கிளட்ச்சே சொல்லிவிடும். எப்போதும் 8இல் ஓடிய கால் ஒரு நாள் 8இல் டக டகவென்று நின்றால், எண்ணைக் கூட்டாதீர்கள். மரையைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் நிற்கிறது என்றால் அதன் கை வளைந்திருக்கலாம், கல்லில் இடித்ததை மறந்திருப்பீர்கள்.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெறுமனே இறக்கி ஏற்றுவதற்கு 2 ஆம்பியர் மணி பேட்டரியே தாராளம். ஏப்ரல், மே மாதத்தில் மூடிய வண்டிக்குள் டேஷ்போர்டின் மேல் போட்டு வைக்காதீர்கள். வெயிலில் சூடேறிய பேட்டரியை உடனே சார்ஜரில் மாட்டவும் வேண்டாம்.

சாக்கெட்டுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். முதல் சாக்கெட்டை ஜாக்கித் தலையிலேயே விட்டுவிட்டு, பென்னாகரம் ரோட்டில் எங்கோ உதிர்த்துவிட்டு வந்தேன். அன்று தோப்பில் டிரில் இருந்தது, சார்ஜ் இருந்தது, சாக்கெட் இல்லை. பின் சீட்டுக்கு அடியில் அந்தப் பழைய வளைந்த ஹேண்டில் கிடந்தது. 136 சுற்று.